மருந்துக்கு ஆறாத புண்

குண்டசாலையைத் தாண்டிப் போகும் வீதியில், பஸ் நின்று ஆட்களை இறக்கும்போதே வாடை மூக்கில் அடிக்கும் கோழி பெக்டரி ஒன்று இருக்கிறது. சுகிர்தா அங்கே பத்து வருடத்துக்கு மேலாகக் குடல் எடுக்கும் பிரிவில் நின்றாள். இறகு பிடுங்கிய கோழிகள் ஓடும் சங்கிலியில் கொக்கிக்கொன்றாகத் தொங்கிக்கொண்டு வரும். வயிற்றுக்குள் விரல்களை விட்டு, ஈரல், குடல், இரைப்பை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிட வேண்டும். இழுப்பது பெரிய காரியமில்லை. கிழியாமல் இழுப்பதுதான் வேலை. குடல் கிழிந்தால் உள்ளே இருக்கும் எச்சம் இறைச்சியில் பட்டுவிடும். அப்படிப் பட்ட கோழியைக் கழற்றி வேறு பக்கம் போட வேண்டும் என்பது பெக்டரியின் சட்டம்.

சுகிர்தாவின் கையில் குடல் கிழிவது அபூர்வம். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை கொழுந்து பறித்தவள். அந்த விரல்களுக்கு வேகமும் தெரியும், பக்குவமும் தெரியும் என்று சுப்பவைசர் மல்காந்தி நோனா புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. சுகிர்தா அதைக் கேட்டும் கேட்காததுபோல நிற்பாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் யோகராஜிடம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

யோகராஜ் அவளுடைய புருஷன். பாரூக் முதலாளியின் இறைச்சிக்கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொள்வது அவனுக்கு வேலை. கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியுமாக முதலாளி கொடுத்திருந்த வீட்டில்தான் மூவரும் இருந்தார்கள். மகள் கண்டியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். யோகராஜ் வளர்த்த கோழிகளை ஏற்றிக்கொண்டு போகும் லொறி, சுகிர்தா வேலை செய்யும் பெக்டரிக்குத்தான் போகும். இவர் வளர்த்ததை அவ அறுக்கிறா என்று பக்கத்து வீடுகளில் கேலி செய்வார்கள். இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அந்த வருடம் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை நெருங்கியபோது பெக்டரிக்கு ஓடர் குவிந்தது. ஹோட்டல்கள், கல்யாண மண்டபங்கள், கொழும்புக் கடைகள் என்று எல்லோரும் கேட்டார்கள். சங்கிலியின் வேகத்தைக் கூட்டினார்கள். பெருத்ததும் சிறுத்ததுமாகக் கோழிகள் கலந்து வந்ததால் கைக்கு ஒரு அளவு பிடிபடவில்லை. சுகிர்தாவின் கையிலேயே குடல் கிழியத் தொடங்கியது. கிழிந்ததைக் கழற்றிக்கொண்டிருந்தால் அடுத்த நாலு கோழி குடலோடு தாண்டிப் போய்விடும். "கழற்ற வேண்டாம், போகட்டும், தொட்டியில் மருந்துத் தண்ணீர் இருக்கிறதுதானே" என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள்.

தொட்டி என்றது ஐஸ் தொட்டியை. எல்லாக் கோழியும் கடைசியில் அதில் விழுந்து குளிர்ந்துதான் பொதி செய்யும் பக்கம் போகும். குளோரின் கலந்த அந்தத் தண்ணீர் காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த நாட்களில் மத்தியானத்துக்குள் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிட்டது. நூறு கோழியின் அழுக்கு நூற்றியோராவது கோழியில் ஏறுவதை சுகிர்தா கண்ணால் பார்த்தாள். தண்ணீரை மாற்ற வேண்டுமென்று மல்காந்தி நோனாவிடம் ஒரு தடவை சொன்னாள். நோனா தானும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். தண்ணீர் மாறவில்லை.

அப்படி ஒரு நாளில்தான் எலும்பு குத்தியது. எங்கேயோ அடிபட்டு உடைந்திருந்த விலா எலும்பு, கையுறையைத் துளைத்துக்கொண்டு வலது கை ஆட்காட்டி விரலின் அடியில் இறங்கியது. வேலையில் அது புதிதில்லை. கையைக் கழுவி, பிளாஸ்டர் ஒட்டி, வேறு கையுறை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து நின்றாள். அடுத்த நாள் விரல் சிவந்திருந்தது. அதற்கடுத்த நாள் மடக்க முடியவில்லை. லீவு கேட்டிருக்கலாம். அந்த மாதத்தில் யாருக்கும் லீவு கிடையாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள், அவளும் கேட்கவில்லை. வீங்கிய விரலோடு நாலைந்து நாள் கோழிக்குள் கை விட்டாள்.

குண்டசாலை டிஸ்பென்சரியில் குளிசை கொடுத்தார்கள். கேட்கவில்லை. வேறு குளிசை கொடுத்தார்கள். அதற்கும் வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி ஏறியது. ஒரு காலையில் எழும்ப முடியாமல் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தவளை யோகராஜ் த்ரீவீலரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கண்டி பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான்.

வாட்டில் அவளைப் பார்த்த டொக்டர் கிருஷாந்தி யாழ்ப்பாணத்துப் பெண். ஏற்றிய முதல் மருந்துக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. விரலைக் கீறிச் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டொக்டர்மார் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது.

"அக்கா, நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?"

சுகிர்தா சொன்னாள். கோழி என்றதும் டொக்டர் தலையசைத்தாள். வீட்டிலும் கோழி வளர்க்கிறார்களா என்று கேட்டாள். சுவரோரம் நின்ற யோகராஜ் தான் கோழிப் பண்ணையில்தான் இருப்பதாகச் சொன்னான்.

"கோழியளுக்கு என்ன மருந்து குடுக்கிறனீங்கள், அண்ணா?"

யோகராஜ் தண்ணீரில் கலக்கும் மருந்தின் பெயரைச் சொன்னான். குஞ்சு வந்ததும் கொடுப்பது, சளி பிடித்தால் கொடுப்பது, பிடிக்காமலிருக்கவும் கொடுப்பது. டொக்டர் அதைத் துண்டில் குறித்துக்கொண்டாள். பிறகு, டிஸ்பென்சரியில் சுகிர்தாவுக்குக் கொடுத்த குளிசையும் அந்தக் கோழி மருந்தும் ஒரே குடும்பம் என்று சொன்னாள். ஒரே மருந்தை ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஓயாமல் கொடுத்துக்கொண்டிருந்தால், சாகிற கிருமியெல்லாம் செத்துப்போகும். சாகாதது மட்டும் கோழியின் குடலில் தங்கிப் பெருகும். அது மனுஷருடைய உடம்புக்குள் போனால் அதே குடும்பத்து மருந்து அதை ஒன்றும் செய்யாது. சுகிர்தாவின் கையில் இருப்பது அந்த மாதிரிக் கிருமி. இன்னும் நாலைந்து மருந்துகளுக்கும் அது அடங்கவில்லை.

"அப்ப என்னாலதானா டொக்டர்?" யோகராஜ் கேட்டான்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது. எந்தக் கோழி, எந்தப் பண்ணை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாரும்தான் குடுக்கினம்."

அது அவனைச் சமாதானப்படுத்தச் சொன்னதாக இருக்கலாம். அவன் சமாதானமாகவில்லை. வேறு எதுவும் கேட்காதபோது மட்டும் கொடுக்கும் ஊசி மருந்து ஒன்றை வரவழைத்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. உயிர் தப்பியது. ஆட்காட்டி விரல் தப்பவில்லை. அதை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

சுகிர்தா அழுதது ஆஸ்பத்திரியில் அல்ல. வீட்டுக்கு வந்த பிறகு, மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தபோது முடி பிரிபடாமல் வழுக்கியது. மகள் தானே பின்னிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

அவள் வீட்டில் இருந்த அந்த வாரங்களில் பெக்டரியில் வேறு ஒரு விஷயம் நடந்திருந்தது. கண்டியில் ஒரு ஹோட்டலில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்து, சிலர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். ஹோட்டல்காரர்கள் மிச்சமிருந்த கோழியைச் சோதித்து, அதில் கிருமி இருந்ததாகச் சொல்லிப் பொதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெக்டரி முழுவதும் ஒரே பேச்சு அதுதான்.

சுகிர்தா திரும்பி வேலைக்குப் போன அன்றே மெனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் சத்தம் போடவில்லை, சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். புண்ணான கையோடு அவள் நாலைந்து நாள் வேலை செய்தது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றாள். அந்தக் கையில் மோசமான கிருமி இருந்தது உண்மையா என்றார். அதுவும் உண்மைதான். அப்படியானால் கோழிக்குக் கிருமி எங்கிருந்து போயிருக்கும் என்று அவளே யோசித்துப் பார்க்கட்டும் என்றார். சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. விசாரிக்க வரப்போகிறார், அவரிடம் இதைச் சொல்லிவிட்டால் கம்பெனி அவளைக் கைவிடாது, வேலையை விட்டு நின்றாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும் என்றார்.

 தன்னால்தானோ என்று அவள் உண்மையிலேயே பயந்தாள். மறுநாள் கிளினிக்கில் கட்டு மாற்றும்போது டொக்டர் கிருஷாந்தியிடம் கேட்டாள். டொக்டர் யாரையோ தொலைபேசியில் பிடித்து விசாரித்துவிட்டு வந்து, கல்யாணக் கோழியில் இருந்தது வேறு இனம், சுகிர்தாவின் கையில் இருந்தது வேறு இனம் என்றாள். புண்ணோடு இறைச்சியில் கை வைத்தது பிழைதான், ஆனால் அந்தச் சனம் படுத்தது அதனால் இல்லை என்றும் சொன்னாள். அந்தச் சொல் பாதி பாரத்தை இறக்கியது. மறு பாதி இறங்கவில்லை. இரண்டு கிருமியும் வந்த வழி எது என்று அவளுக்குத் தெரியும். கிழிந்த குடல், தேயிலைச் சாயத் தண்ணீர். அதற்கு முன்னால், பண்ணை.

பி.எச்.ஐ. வருவதாக இருந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் கொட்டிலுக்குப் போனாள். யோகராஜ் தண்ணீர்க் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவுகிறவன் கையைப் பார்த்தபடியே, நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள்.

அவன் குவளையைக் கவிழ்த்து வைத்தான். லொறி வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மருந்தை நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். போன தடவை லொறி வரப் போகிற நேரத்தில் கோழிகள் சளியில் மூச்சு இழுக்கத் தொடங்கின. நோய்க் கோழியைக் கம்பெனி எடுக்காது, மொத்தமும் கையில் நிற்கும் என்று பாரூக் முதலாளி தவித்துப் போனார். மருந்தைக் கலந்து கொடுத்தது யோகராஜ்தான். லொறி வரும் காலைவரை கொடுத்தான்.

"நான் செஞ்சது பிழைதான் சுகி. அத யாரும் சொல்லித் தர வேணாம். ஆனா இத சொன்னா முதலாளிக்குப் பண்ணை இல்ல. பண்ணை இல்லாட்டி நமக்கு இந்த வீடும் இல்ல. பாப்பாவுக்குப் பரீட்சை வருது."

"நான் ஒங்களக் காட்டிக் குடுக்கப் போறன்னு சொல்லலங்க."

"தெரியும். நீ சொன்னாலும் நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். எங்க போறதுன்னுதான் கேக்குறேன்."

அவள் அடுத்த குவளையை எடுத்து இடது கையால் கழுவத் தொடங்கினாள்.

அடுத்த நாள் பி.எச்.ஐ.க்கு முன்னால் அவள் சங்கிலியின் வேகத்தைச் சொன்னாள். கிழிந்த கோழியைக் கழற்ற விடாததைச் சொன்னாள். தொட்டித் தண்ணீரைச் சொன்னாள். மெனேஜர் முகம் மாறியது. மல்காந்தி நோனாவைக் கூப்பிட்டு இதெல்லாம் உண்மையா என்று பி.எச்.ஐ. கேட்டார். நோனா மெனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, உண்மை என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று சுகிர்தா எதிர்பார்க்கவில்லை.

கடைசியாக பி.எச்.ஐ. கேட்டார்: கோழி வரும் பண்ணைகளில் என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று ஏதாவது தெரியுமா?

தெரியாது என்றாள் சுகிர்தா.

அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. விரலில்லாத கையால் குடல் எடுக்க முடியாதென்று பொதி செய்யும் பக்கம் மாற்றினார்கள். சங்கிலி மெதுவானது. தொட்டித் தண்ணீரை ஒரு நாளைக்குப் பலமுறை மாற்றினார்கள். எல்லோரும் அவளால்தான் இந்த நன்மை என்று பேசினார்கள். யாராவது அப்படிச் சொன்னால் அவள் எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். சாப்பாடு இறங்கவில்லை. யோகராஜும் அவளும் ஒரே வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள். அவள் விட்ட இடத்தில் இப்போது றமீலா நின்றாள். அக்குறணையில் பிறந்து குண்டசாலையில் வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண், வாய் ஓயாமல் பேசிச் சிரிக்கிறவள்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் றமீலா வேலைக்கு வரவில்லை. கையில் எலும்பு குத்திவிட்டது என்றார்கள். சுகிர்தா வேலை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனாள். றமீலா தலையணையில் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். விரல் தன்னுடையது போலவே சிவந்து வீங்கியிருப்பதை சுகிர்தா பார்த்தாள்.

"டிஸ்பென்சரில மருந்து தந்தாங்க அக்கா. ரெண்டு நாளா குடிக்கிறேன், கொறையல்ல. ஒங்களுக்கும் இப்பிடித்தானே ஈந்திச்சு?"

அந்தக் குளிசையைக் காட்டினாள். அதே குளிசை.

சுகிர்தா உடனே த்ரீவீலர் ஒன்றை மறித்து, றமீலாவையும் அவள் மாமியையும் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். டொக்டர் கிருஷாந்தியைத் தேடிப் பிடித்து, இவளும் எங்கள் பெக்டரிதான், குளிசை கேட்காது, முதலிலேயே சோதித்துப் பாருங்கள் என்று சொன்னாள். டொக்டர் அப்படியே செய்தாள். சீக்கிரம் வந்ததால் றமீலாவின் விரல் தப்பியது, பிற்பாடு அது முழுதாக மடங்காவிட்டாலும்.

வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது சுகிர்தா யோகராஜுக்குப் போன் எடுத்தாள். றமீலாவுக்கு நடந்ததை மட்டும் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, பண்ணைச் சேறு காயாத சப்பாத்தோடு ஆஸ்பத்திரி நடையில் வந்து நின்றான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முதலாளிகிட்ட மொதல்ல சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றான். "பொறத்தால போய்ச் சொன்ன மாதிரி இருக்கக் கூடாதுல்ல."

இருவரும் டொக்டரிடம் போனார்கள். லொறி ஏறும் காலைவரை மருந்து கொடுத்ததையும், நோய் இல்லாதபோதும் கொடுத்துவந்ததையும் யோகராஜ் சொன்னான். பி.எச்.ஐ. கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னதை சுகிர்தா சொன்னாள். டொக்டர் அவர்களைக் குறை சொல்லவில்லை. கால்நடை வைத்திய அலுவலகத்தில் தனக்குத் தெரிந்தவரிடம் அனுப்பிவைத்தாள். அங்கேயும் அதையே சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. கால்நடை வைத்தியர் பண்ணைக்கு வந்து பார்த்தார். கம்பெனி பாரூக் முதலாளியிடம் கோழி எடுப்பதை நிறுத்தியது. முதலாளி கெட்ட மனுஷரில்லை. மகளுடைய படிப்புக்கென்று பலமுறை உதவியவர். அன்று வாசலில் வந்து நின்றபோது கோபத்தை விடக் களைப்புதான் முகத்தில் தெரிந்தது.

"நான் சென்னதத்தானே நீ செஞ்ச யோகராஜ். எனக்கிட்ட சென்னது சரி. ஆனா அவங்ககிட்டயும் போகணுமா?"

யோகராஜ் சுகிர்தாவின் கையைக் காட்டினான். முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். எத்தனையோ தடவை பார்த்த கைதான். பிறகு, பிள்ளையின் பரீட்சை முடியும்வரை வீட்டில் இருந்துகொள்ளுங்கள், அதற்குப் பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பரீட்சை முடிந்ததும் குண்டசாலைச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தார்கள். யோகராஜ் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறான். பண்ணையில் இருந்தபோது நிமிர்ந்து நடந்தவன், இப்போது வீட்டுக்கு வந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறான். அவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது தானோ என்று சுகிர்தா நினைக்காத நாளில்லை. ஒரு நாள் அதைக் கேட்டும் விட்டாள். தண்ணீரில் மருந்து கலந்த கையைத்தான் தன்னால் மறக்க முடியவில்லை, மூட்டை தூக்குவது பெரிதில்லை என்றான். அதற்குப் பிறகு இருவரும் சாப்பிட உட்காரும்போது பேசத் தொடங்கினார்கள், முன்னைப்போல இல்லாவிட்டாலும்.

போன மாதம் கண்டி மார்க்கெட்டில் பாரூக் முதலாளியைக் கண்டார்கள். அவர்தான் முதலில் கூப்பிட்டார். கொட்டிலில் இப்போது பாதிக் கோழிதான் விடுகிறாராம். வைத்தியர் சொல்லாமல் மருந்து கலப்பதில்லையாம். கொஞ்சம் கூடுதலாகச் சாகிறதாம், ஆனால் பயந்த அளவுக்கு இல்லையாம். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் எல்லாம் பழையபடிதான் என்றும் சொன்னார். அந்தக் கோழிகளும் அதே பெக்டரிக்குத்தான் வருகின்றன என்பது சுகிர்தாவுக்குத் தெரியும்.

"கை நோவுதா?" என்று கேட்டார்.

குளிருக்குக் கொஞ்சம் நோகும் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, மகளின் பெறுபேறு வந்ததும் சொல்லச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

நத்தார் திரும்பவும் வரப்போகிறது. சங்கிலியை மறுபடி கொஞ்சம் வேகமாக்கியிருக்கிறார்கள். பொதி செய்யும் மேசையில் நின்றபடி சுகிர்தா ஒவ்வொரு கோழியின் வயிற்றையும் விரித்துப் பார்க்கிறாள். அது அவளுக்குச் சொன்ன வேலை இல்லை. எச்சம் ஒட்டியிருந்தால் எடுத்து ஒரு பக்கம் வைத்துவிடுகிறாள். நேற்று மெனேஜர் வந்து அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் யார் எடுத்து வைத்தது என்று கேட்டார். சுகிர்தா தான்தான் என்றாள். அவர் குவியலை எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இன்று காலை மல்காந்தி நோனா பக்கத்தில் வந்து, மெனேஜரின் கண் உன்மேல்தான், கவனமாக இரு என்று மெல்லச் சொன்னாள். சுகிர்தா சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கோழியை எடுத்து விரித்தாள்.